வரையாடு யாருக்கு உறவு? அருகிவரும் பாலூட்டிகளை மரபணு வழியாக வகைப்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுயிர் ஆய்வில் இறங்கும் முதுநிலை மாணவர்களும், மாதிரி சேகரிக்கும் களப் பணியாளர்களும், வனத்துறையினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலும் வரையாட்டை வைத்தே விளக்கியிருக்கிறோம். தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்பதற்காக மட்டுமல்ல, மரபணு ஆய்வு ஒரு விலங்கின் இடத்தை எப்படி மாற்றிப்போடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

கண்ணால் பார்த்தே விலங்கை அடையாளம் சொல்ல முடிகிறதே, மரபணு எதற்கு?

அடையாளம் சொல்வது வேறு, உறவு சொல்வது வேறு. வரையாட்டை யாரும் வேறொன்றாகக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அது யாருக்கு நெருங்கிய சொந்தம் என்பதில் நீண்ட காலம் தவறான முடிவே நிலவியது. இமயமலையில் ஒன்று, ஓமன் மற்றும் ஐக்கிய அரபு அமீரக மலைகளில் ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்று என மூன்று வரையாடுகளையும் ஹெமிட்ராகஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். மூன்றுமே செங்குத்துப் பாறைகளில் வாழ்பவை, மூன்றுக்கும் பின்னோக்கி வளைந்த குட்டைக் கொம்பு. ஒரே குடும்பமாகத்தான் தெரியும்.

2005இல் பாரிஸின் ஆன் ரோப்பிக்கே, அலெக்சாந்தர் அசனின் இருவரும் மைட்டோகாண்டிரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) மரபணுக்களையும் செல்லின் உட்கரு மரபணுக்களையும் சேர்த்து ஒப்பிட்டபோது இந்த மூன்றும் சிதறிப்போயின. இமயமலை வரையாடு வெள்ளாட்டுப் பக்கம் போனது. அரேபிய வரையாடு வட ஆப்பிரிக்காவின் பார்பரிச் செம்மறியோடு சேர்ந்தது. நம் வரையாடு செம்மறிகளின் பேரினமான ஓவிஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதன்பின் பேரினம் மூன்றாகப் பிரிந்து, மேற்குத் தொடர்ச்சி மலை வரையாடு நீல்கிரிட்ராகஸ் ஹைலோகிரியஸ் ஆனது. அந்தப் பேரினத்தில் இது ஒன்றே உறுப்பினர். பாறை வாழ்க்கைக்கு ஏற்ற உடலமைப்பை வைத்து உறவைக் கணித்ததுதான் பழைய பிழைக்குக் காரணம்.

பெயர் மாறினால் விலங்குக்கு என்ன ஆகப்போகிறது?

நிறைய. அழிவு அபாயப் பட்டியலும் சட்டமும் நிதியும் சிற்றினத்தின் பெயரைத்தான் பிடித்துக்கொண்டு நகர்கின்றன. ஆப்பிரிக்க யானையை ஒரே சிற்றினமாக எண்ணிய காலத்தில் புல்வெளி யானைகளின் எண்ணிக்கை காட்டு யானைகளின் சரிவை மறைத்துவிட்டது. 2001 முதல் வந்த மரபணு ஆய்வுகள் இரண்டும் வெவ்வேறு சிற்றினங்கள் என்று வலுவாகக் காட்டின. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021இல்தான் இரண்டையும் தனித்தனியாக மதிப்பிட்டது. புல்வெளி யானை 'அருகிவரும்' நிலையிலும், காட்டு யானை அதைவிட மோசமான 'மிகவும் அருகிய' நிலையிலும் இருப்பது அப்போதுதான் பட்டியலில் ஏறியது. இருபது ஆண்டுத் தாமதம், அதுவும் தந்தத்துக்காகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த விலங்குக்கு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தேவையில்லாமல் பிரிப்பதும் ஆபத்துதான். அமெரிக்காவின் புளோரிடாவில் பூமாக்கள் உள்ளினப்பெருக்கத்தால் (நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனம் பெருகுவதால்) இதயக் கோளாறோடும் விதை இறங்காத ஆண்களோடும் தேய்ந்துகொண்டிருந்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்ட பிறகே அவை மீண்டன. அப்போது இரண்டும் வெவ்வேறு துணைச் சிற்றினங்களாகக் கருதப்பட்டவை. 'வேறு வகை, கலக்கக் கூடாது' என்று அன்று பிடிவாதமாக நின்றிருந்தால் அந்தக் கூட்டம் மீண்டிருக்காது.

களத்தில் எந்த மாதிரி எடுப்பது நல்லது?

இரத்தமும் திசுவும்தான் சிறந்தவை. ஆனால் அதற்காக அருகிவரும் விலங்கை மயக்கமருந்து கொடுத்துப் பிடிப்பது நியாயமில்லை. ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டவோ சிகிச்சைக்கோ பிடிக்கும்போது கையோடு இரத்தம் எடுத்துவைக்கலாம். இறந்து கிடக்கும் விலங்கிலிருந்து காது நுனித் தசையில் பட்டாணி அளவு போதும். மற்றபடி நமக்குக் கைகொடுப்பது புழுக்கைதான். எடுக்கும் முறையில் கவனம் தேவை.

புழுக்கையின் வெளிப்பரப்பில்தான் விலங்கின் குடல் செல்கள் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் புல்லும் நுண்ணுயிரும். அதனால் மழையில் நனைந்தது, வெயிலில் வெளுத்தது, பூஞ்சை பூத்தது எல்லாம் வேலைக்கு ஆகாது. மேலே பளபளவென்று சளிப்படலம் தெரியும் புதுப் புழுக்கையாகப் பாருங்கள். விடிகாலையில் மந்தை மேய்ந்து நகர்ந்த பிறகு அந்த இடத்துக்குப் போனால் கிடைக்கும். மந்தையை விரட்டிக்கொண்டு போக வேண்டாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சோலைப் புல்வெளியில் எடுத்த மாதிரிகளில் பாதிக்கு மேல் வீணாகிப்போனாலும் ஆச்சரியமில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரையிலான வறண்ட குளிர்காலம்தான் நல்ல பருவம். ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் குட்டி ஈனும் காலம் உச்சத்தில் இருக்கும், அப்போது பாறைமுகடுகளின் பக்கமே போகக் கூடாது.

ஒரு குவியலிலிருந்து நான்கு முதல் ஆறு புழுக்கைகளை, ஒவ்வொரு குவியலுக்கும் புதுக் கையுறையோ அங்கேயே ஒடித்த புதுக் குச்சியோ கொண்டு, தரையைத் தொடாத பக்கமாகப் பார்த்து எடுங்கள். இரண்டு குவியல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு விலங்குகளின் மரபணு கலந்த மாதிரி, மாதிரியே இல்லாததைவிட மோசமானது.

பாதுகாப்பதற்கு இரண்டு கட்ட முறை நம்பகமானது. முதலில் 95 சதவீதத்துக்கு மேலான எத்தனாலில், புழுக்கையின் கொள்ளளவைப்போல் குறைந்தது நான்கு மடங்கு ஊற்றி, 24 மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு எத்தனாலை வடித்துவிட்டு சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாய்க்கு மாற்றி, இடையில் ஒரு மெல்லிய தாள் வையுங்கள். ஒரு கிராம் மாதிரிக்கு நான்கு கிராம் சிலிக்காவுக்குக் குறையக் கூடாது. சிலிக்காவின் நிறம் மாறிவிட்டால் அன்றே புதியது போடுங்கள். ஆய்வகம் சேர்ந்ததும் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். குழாயில் பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளே போடுங்கள், ஏனென்றால் மார்க்கர் மை எத்தனாலில் கரைந்துவிடும். எத்தனை நல்ல மாதிரிகள் 'எந்த மலை என்று தெரியவில்லை' என்ற நிலையில் குளிர்பெட்டியில் கிடக்கின்றன!

அனுமதி வாங்க வேண்டுமா?

ஆம், புழுக்கைக்கும். வரையாடு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் காட்டுக்குள் மாதிரி சேகரிக்க முடியாது. மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். இந்த வேலையை ஆய்வுத் திட்டத்தின் முதல் நாளே தொடங்குங்கள்.

ஆய்வகத்தில் முதல் வேலை என்ன?

புழுக்கை உண்மையில் வரையாட்டுடையதா என்று பார்ப்பது. வெள்ளாடு, கேளையாடு, கடமான் குட்டி ஆகியவற்றின் புழுக்கையும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

மேற்பரப்பைக் கழுவித்தான் டி.என்.ஏ. எடுக்க வேண்டும், புழுக்கையை நசுக்கக் கூடாது. இரண்டு மூன்று புழுக்கைகளை 1.5 மி.லி. சிதைவுக் கரைசலில் போட்டு அரைமணி நேரம் மெதுவாக ஆட்டினால் செல்கள் கரைசலுக்கு வந்துவிடும். புழுக்கையை எடுத்துவிட்டு, கரைசலில் புரோட்டினேஸ் கே சேர்த்து 56 டிகிரியில் குறைந்தது இரண்டு மணி நேரம் வைத்து, வழக்கமான மலக்கழிவு டி.என்.ஏ. கிட் கொண்டு பிரிக்கலாம். கடைசியில் 50 முதல் 100 மைக்ரோலிட்டரில் வடித்தெடுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எதுவும் போடாத வெற்றுக்குழாய் ஒன்று கண்டிப்பாக இருக்க வேண்டும். அதில் டி.என்.ஏ. பெருகியதற்கு அடையாளமான பட்டை தெரிந்தால் அந்தத் தொகுதியே செல்லாது.

பி.சி.ஆர். (டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் முறை) வேலை செய்யவில்லை. டி.என்.ஏ. இல்லையா?

இருக்கலாம். பல நேரம் டி.என்.ஏ. இருக்கிறது, அதோடு வந்த தாவரப் பொருள்கள்தான் நொதியை முடக்குகின்றன. முதலில் செய்ய வேண்டியது, கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுவது. நீர்த்த பிறகு பட்டை வந்தால் தடுப்பான்தான் காரணம் என்று புரிந்துவிடும். மைக்ரோலிட்டருக்கு 0.1 முதல் 0.4 மைக்ரோகிராம் வரை பி.எஸ்.ஏ. புரதம் சேர்ப்பதும் உதவும். நல்ல திசுவுக்கு 30, 35 சுழற்சி போதும் என்றால் புழுக்கைக்கு 40, 45 வரை தேவைப்படும். சுழற்சி கூடக்கூட மாசும் பெருகித் தெரியும் என்பதால் வெற்றுக்குழாய் இன்னும் முக்கியமாகிறது.

துண்டின் நீளமும் ஒரு காரணம். புழுக்கையில் டி.என்.ஏ. துண்டுதுண்டாகச் சிதைந்திருக்கும். சைட்டோகுரோம் பி மரபணுவின் முழு 1,140 எழுத்துகளையும் (டி.என்.ஏ. காரங்களையும்) ஒரே வீச்சில் பெருக்க நினைக்காமல், 300 முதல் 400 எழுத்துகள் கொண்ட ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளாக எடுத்து ஒட்டுங்கள்.

எந்த மரபணுவைப் படிக்க வேண்டும்?

கேள்வியைப் பொறுத்தது. எந்தச் சிற்றினம் என்று மட்டும் தெரிய வேண்டுமானால் சைட்டோகுரோம் பி, 12எஸ், 16எஸ் போன்ற மைட்டோகாண்டிரியா பகுதிகள் போதும். ஒரு மலைக்கும் இன்னொரு மலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு டி-லூப் (மைட்டோகாண்டிரியாவின் வேகமாக மாறும் பகுதி), மைக்ரோசாட்டலைட் (திரும்பத் திரும்ப வரும் குறுந்துண்டுகள்), எஸ்.என்.பி. (ஓர் எழுத்து மாற்றங்கள்) வேண்டும். பேரினங்களுக்கு இடையிலான உறவு என்றால் மைட்டோகாண்டிரியாவோடு உட்கரு மரபணுக்கள் பலவும், முடிந்தால் முழு மரபணுத்தொகுதியும் வேண்டும்.

மைட்டோகாண்டிரியா மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாதா?

கூடாது. இந்தத் துறையில் நடந்த பெரிய சறுக்கல்கள் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன. மைட்டோகாண்டிரியா தாய்வழியில் மட்டும் வருகிறது. அது தாய்மாரின் கதையைச் சொல்லும், சிற்றினத்தின் கதையை அல்ல.

புல்வெளி யானைகள் சிலவற்றின் மைட்டோகாண்டிரியா காட்டு யானையினுடையது. எப்போதோ காட்டு யானைப் பெண்கள் பெரிய புல்வெளி ஆண்களோடு இணைந்து, அவற்றின் பெண் வாரிசுகளும் தலைமுறை தலைமுறையாகப் புல்வெளி ஆண்களோடே இணைந்ததால், உட்கரு முழுக்கப் புல்வெளி யானையாக மாறிய பிறகும் தாய்வழி அடையாளம் மட்டும் தங்கிவிட்டது. ஐரோப்பியக் காட்டெருமையின் மைட்டோகாண்டிரியா மாட்டுக்கு நெருக்கம், உட்கரு டி.என்.ஏ.வோ அமெரிக்கக் காட்டெருமைக்கு நெருக்கம். தாய்வழியை மட்டும் நம்பினால் இரண்டிலும் தவறான முடிவுக்குத்தான் வருவோம்.

இலங்கை யானை இதே சிக்கலின் இன்னொரு முகம். அதைத் தனித் துணைச் சிற்றினமாகப் பட்டியலிடுகிறோம். ஆசிய யானைகளில் இரண்டு பெரிய தாய்வழிக் கிளைகள் உண்டு. இரண்டுமே இலங்கையிலும் இருக்கின்றன, கண்டப் பகுதியிலும் இருக்கின்றன. தாய்வழி மரம் (உறவைக் கிளைகளாகக் காட்டும் படம்) தீவின் எல்லையை மதிக்கவில்லை.

டி.என்.ஏ. வரிசையைப் படித்த வரைபடத்தில் ஒரே இடத்தில் இரட்டை உச்சிகள் தெரிகின்றன. மாதிரி கலந்துவிட்டதா?

கலந்திருக்கலாம், நம்ட் ஆகவும் இருக்கலாம். மைட்டோகாண்டிரியாவின் துண்டுகள் பரிணாமப் போக்கில் உட்கருவுக்குள் தாவி, அங்கே பயனற்ற நகல்களாகக் கிடப்பதுண்டு. அவற்றைத்தான் நம்ட் என்கிறோம். பூனைக் குடும்பத்தில் இது பெரிய தலைவலி. வீட்டுப்பூனையின் உட்கருவில் சுமார் 7,900 எழுத்து நீளத் துண்டு ஒன்று பல முறை அடுக்கடுக்காகத் திரும்ப வருகிறது. பிரைமர் (பி.சி.ஆரைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டு) தவறுதலாக நகலைப் பிடித்துவிட்டால், இல்லாத ஒரு புதுக் கிளையே மரத்தில் முளைத்துவிடும்.

புரத வரிசையாக மாற்றிப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் முதுகெலும்பிகளின் மைட்டோகாண்டிரியாவுக்கான குறியீட்டு அட்டவணையைத்தான் பயன்படுத்த வேண்டும். மென்பொருளில் பொது அட்டவணையை அப்படியே விட்டால் டி.ஜி.ஏ. நிறுத்தக் குறியாகத் தெரியும், மைட்டோகாண்டிரியாவில் அது டிரிப்டோபேன். நல்ல வரிசையைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. இரத்தத்தைவிடத் தசையில் மைட்டோகாண்டிரியா அதிகம் என்பதால், திசு கிடைத்தால் நம்ட் தொல்லை குறையும்.

எத்தனை சதவீதம் வேறுபட்டால் தனிச் சிற்றினம்?

அப்படி ஒரு கோடு இல்லை. பாலூட்டிகளின் சைட்டோகுரோம் பி மரபணுவில் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒரே சிற்றினத்துக்குள் உள்ள வேறுபாடு, 11க்கு மேல் போனால் தனிச் சிற்றினமாக இருக்க வாய்ப்பு அதிகம், நடுவில் இருந்தால் மேலும் ஆராய வேண்டும் என்று 2001இல் பிராட்லி, பேக்கர் இருவரும் வழிகாட்டியாகச் சொன்னார்கள். அது எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும் குறிப்பு, அவ்வளவுதான்.

எத்தனை மாதிரி வேண்டும்?

எண்ணிக்கையைவிட எங்கிருந்து என்பது முக்கியம். ஒரு மலைக்கூட்டத்துக்கு 20 முதல் 30 தனித்தனி விலங்குகள் என்பது நியாயமான இலக்கு. ஆனால் வடகோடியில் 30, தென்கோடியில் 30 எடுத்துவிட்டு நடுவில் எதையும் எடுக்காவிட்டால், தூரம் கூடக்கூட மெல்ல மாறும் இயல்பான மாற்றமே இரண்டு தனி வகைகள் போலத் தோன்றும். நடுவிலுள்ள மலைகளிலிருந்து பத்துப் பத்தாவது எடுங்கள்.

ஒரே விலங்கை இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்க மைக்ரோசாட்டலைட் கொண்டு ஆள் அடையாளம் பார்க்க வேண்டும். புழுக்கை மாதிரியில் ஒரு குறியீட்டின் இரண்டு வடிவங்களில் ஒன்று பெருகாமல் விடுபடுவது சகஜம். இரு வடிவங்களும் இரண்டு முறையாவது தெரிந்தால்தான் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரே வடிவம் தெரிந்தால் மேலும் பல முறை ஓட்டிப் பாருங்கள். டி.என்.ஏ. மிகக் குறைவாக இருந்தால் ஏழு முறை வரை தேவைப்படும்.

மரம் வரையும்போது என்ன தவறு நடக்கிறது?

உறவினர்களைச் சேர்க்காமல் விடுவது. மூன்று வரையாடுகளையும் ஒரு மாட்டையும் மட்டும் வைத்து மரம் வரைந்திருந்தால், மூன்றும் ஒரே பேரினமல்ல என்பது ஒருபோதும் தெரிந்திருக்காது, ஏனென்றால் நடுவில் நுழைய வேறு யாரும் இல்லை. செம்மறி, வெள்ளாடு, பாரல், பார்பரிச் செம்மறி, டாகின் எல்லாவற்றையும் சேர்த்து, திபெத்தின் சிரு மானை வெளிக்குழுவாக (மரத்தின் வேரைக் காட்டும் தூரத்து உறவாக) வையுங்கள். ஒவ்வொரு கிளையும் எவ்வளவு நம்பத்தக்கது என்று காட்டும் ஆதரவு மதிப்பையும் சரியாகப் படியுங்கள். சாதாரண பூட்ஸ்ட்ராப்பில் (தரவை மறுமாதிரியெடுத்து மரத்தைச் சோதிக்கும் முறை) 70 ஓரளவு நம்பகமான மதிப்பு, ஐக்யூ-ட்ரீ மென்பொருளின் அதிவேக பூட்ஸ்ட்ராப்பில் 95க்குக் கீழே நம்ப முடியாது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள வரையாடுகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமா?

நிர்வாகத்தில், ஆம். மேற்குத் தொடர்ச்சி மலையை வெட்டி நிற்கும் இந்தத் தாழ்வான இடைவெளி சுமார் 30 கி.மீ. அகலம். நீலகிரி யானைகளும் ஆனைமலை, பெரியாறு யானைகளும் மரபணு அளவில் வேறுபடுவதை 2005 ஆய்வு காட்டியது. சிங்கவால் குரங்கிலும் கணவாயின் தடம் தெரிகிறது. மலை முகட்டை விட்டு இறங்காத வரையாடு இந்தச் சமவெளியைக் கடப்பது இன்னும் கடினம்.

இங்கே இரண்டு அளவுகோல்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1994இல் கிரெய்க் மோரிட்ஸ் சொன்னபடி, தாய்வழி மரத்தில் இரு கூட்டங்களும் முழுமையாகப் பிரிந்து, உட்கருவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தால் அவை தனிப் பரிணாம அலகுகள். மரபணு வடிவங்களின் விகிதம் மட்டும் வேறுபட்டால் அவை மேலாண்மை அலகுகள். மேலாண்மை அலகு என்பது தனிச் சிற்றினம் அல்ல. தமிழக அரசின் நீலகிரி வரையாடு திட்டத்தில் பழைய வாழிடங்களில் மீண்டும் விடுவதும் ஒரு நோக்கம். எந்த மந்தையிலிருந்து எடுத்து எங்கே விடுவது என்பதற்கு இந்த வேறுபாடுதான் வழி. கணவாய்க்குத் தெற்கே விடுவதற்குத் தெற்கு மந்தையே முதல் தேர்வாக இருக்க வேண்டும். ஒரு சின்ன மந்தை உள்ளினப்பெருக்கத்தால் நோயுற்று நிற்கிறது என்று தரவு காட்டினால் மட்டும் அந்த விதியைத் தளர்த்தலாம். 2025 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,303, கேரளத்தில் 1,365 என மொத்தமே 2,668 வரையாடுகள்தான். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில், தவறான ஒரு இடமாற்றத்தைச் சரிசெய்ய இரண்டாவது வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

நிபுணர்களே ஒத்துப்போகவில்லையே, யாரை நம்புவது?

புலியில் ஒரு தரப்பு இரண்டே துணைச் சிற்றினங்கள் என்கிறது, 2018இன் முழு மரபணுத்தொகுதி ஆய்வு ஆறு என்கிறது. ஒட்டகச்சிவிங்கியில் நான்கு சிற்றினங்கள் என்ற 2016 ஆய்வின் முடிவு 2025இல்தான் பன்னாட்டு ஒன்றியத்தின் ஏற்பைப் பெற்றது. இவை ஆளைப் பார்த்து நம்பும் விஷயங்கள் இல்லை. மரபணு, உடலமைப்பு, நடத்தை, வாழிடம் ஆகியவற்றில் எத்தனை சாட்சிகள் ஒரே திசையில் கை காட்டுகின்றன என்று பாருங்கள். சுமத்ராவின் தப்பனூலி ஒராங்குட்டானை 2017இல் தனிச் சிற்றினமாக அறிவித்தவர்கள் 37 ஒராங்குட்டான்களின் மரபணுத்தொகுதிகளோடு மண்டையோட்டு அளவுகளையும் வைத்தார்கள். ஆனால் மண்டையோடு ஒரே ஒரு ஆணுடையது, அதனால் விமர்சனமும் வந்தது. உயிரோடு இருப்பவை 800க்கும் குறைவு என்ற நிலையில், கூடுதல் மண்டையோடுகளுக்காகக் காத்திருக்காமல் காட்டைக் காப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

பறிமுதல் செய்த சமைத்த கறியில் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், 150 எழுத்து அளவிலான சிறு துண்டுகளைக் குறிவைத்தால். பச்சைக் கறிக்கு ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் உருவான, 2003இல் வெளியான பொதுப் பிரைமர்கள் இந்தியாவில் பரவலாகப் பயன்படுகின்றன. சைட்டோகுரோம் பி-யில் 472 எழுத்துகள் கிடைக்கும். தரவுத்தளத்தில் கிடைக்கும் முதல் பொருத்தத்தை அப்படியே எழுதிவிடாதீர்கள். வரையாட்டின் வரிசை ஒப்பீட்டில் சேராமல் போனால் அடுத்த நெருங்கிய உறவாகச் செம்மறி வந்து நிற்கும், வழக்கும் அங்கேயே கரைந்துவிடும். பொருத்தம் 98 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அறிக்கை எழுதுவதை நிறுத்தி, உறுதியான வரையாட்டு மாதிரியோடு நேரடியாக ஒப்பிடுங்கள்.

அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய கொம்பும் தோலும் பயன்படுமா?

பயன்படும். அழிந்துபோன மந்தைகளுக்கு அவைதான் ஒரே சாட்சி. எலும்பு, பல், உலர்ந்த தசை நல்லவை. பார்மலினில் கிடந்தவற்றைக் கடைசியாக முயலுங்கள். புது மாதிரிகளைப் பெருக்கும் அறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது, தனி அறை வேண்டும்.

முடிவுகளை எங்கே, எப்படி வெளியிடுவது?

வரிசைகளை ஜீன்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுங்கள். எந்த மாதிரி, யாரிடம், எந்த எண்ணில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். தவறான பெயரோடு ஏறிய ஒரு வரிசை பல ஆண்டுகள் மற்றவர்களை வழிதவறச் செய்யும். ஆனால் மாதிரி எடுத்த இடத்தின் துல்லியமான ஜி.பி.எஸ். எண்களைப் பொதுவில் போடாதீர்கள். மலைத்தொடரின் பெயரும் மாவட்டமும் போதும். துல்லியமான பதிவு வனத்துறையிடமும் உங்கள் ஆய்வகத்திடமும் இருக்கட்டும், ஏனென்றால் வேட்டைக்காரர்களும் தரவுத்தளங்களைப் படிக்கிறார்கள்.